நீலச் சாயம் இல்லாத நீல இறகு

காவேரிப்பட்டணத்து வாசகர் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுத் தோட்டத்தில் எடுத்தது. “கொண்டை வைத்த நீலப் பறவை. நம்மூர்ப் பனங்காடையா இது?” என்று கேட்கிறார்.

இல்லை. அது புளூ ஜே. வட அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் சாதாரணமாகத் திரியும் காக்கைக் குடும்பத்துப் பறவை. கொண்டை, கழுத்தைச் சுற்றிய கறுப்பு வளையம், நீலச் சிறகிலும் வாலிலும் கறுப்புக் கோடுகள், வெள்ளைத் திட்டுகள், அடையாளம் இவ்வளவுதான். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடைக்குக் கொண்டை கிடையாது, மார்பும் பழுப்பு. அது மீன்கொத்திக்குத்தான் உறவு. புளூ ஜேயின் பங்காளியை இங்கேயே பார்க்க ஆசை என்றால், அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் வால்காக்கையைத் தேடலாம்.

ஆனால் புளூ ஜே, பனங்காடை இரண்டுக்கும் ஒரு ரகசியம் பொது. இரண்டின் இறகிலும் நீலச் சாயம் துளிகூட இல்லை. இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் பிரியும் மெல்லிய இழைகள், நம் நகத்தில் உள்ள கெரட்டினால் ஆனவை. அந்த இழைக்குள், ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போல, எங்கும் காற்றுத் துளைகள். துளைகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய ஒரே சீராக, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடும் அளவில் இருக்கிறது. அதனால் துளைகளில் பட்டுத் திரும்பும் ஒளியில் நீல அலைகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுக்கின்றன. மற்ற நிறங்களில் பெரும்பகுதி உள்ளே போய், அடியிலிருக்கும் மெலனின் என்ற கருநிறமியில் மாய்ந்துவிடுகிறது. இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீலம் போய் வெறும் பழுப்பு. நசுக்கினாலும் அப்படித்தான்: துளைகள் சிதைந்தால் நிறமும் இல்லை.

வானத்து நீலம் போல இதுவும் வெறும் ஒளிச்சிதறல் என்றே நெடுங்காலம் நம்பினார்கள். சி.வி. ராமன் 1934இல் பனங்காடை இறகை ஆராய்ந்து, அந்த விளக்கம் போதாது என்று எழுதினார். இதே பறவையைத்தான் வடக்கே தசராவன்று பார்த்தால் அதிர்ஷ்டம் என்று பிடித்து, கூண்டில் அடைத்துக் காசு பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

தோட்டத்தில் இறகு உதிர்ந்து கிடந்தால் மகன் அதை அங்கேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிடட்டும். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டப்படி, உதிர்ந்த புளூ ஜே இறகை எடுத்து வைத்துக்கொள்வதுகூட அமெரிக்காவில் குற்றம்.