அறளை பேந்தவையின்ர மூளையில தெரியிற வெள்ளைப் புள்ளி

இணுவிலில தெரிஞ்ச அக்கா ஒராள் போன கிழமை தாயின்ர எம்.ஆர்.ஐ ரிப்போட்டைக் கொண்டுவந்து, "தம்பி, மூளையில வெள்ளை வெள்ளையா இருக்காம், கான்சரோ?" எண்டு கேட்டா. இல்லை அக்கா. சிறு ரத்தக்குழாய் நோய். வயசுபோன கனபேருக்குக் கொஞ்சமாவது இருக்கும், ஆனா கூடிப்போனால் நடை தளரும், யோசினை மந்தமாகும், நாங்கள் அறளை பேந்திட்டுது (வயசுபோய் ஞாபகமும் புத்தியும் தடுமாறுது) எண்டு சொல்லுறதில ஒரு பங்கு இதாலதான் வாறது.

தோட்டத்தில தண்ணி மாறின ஆக்களுக்கு இது கெதியா விளங்கும். வாய்க்கால் தூர்ந்தால் முதல்ல வாடுறது கடைசிப் பாத்தி. மூளையில அந்தக் கடைசிப் பாத்தி உள்ளுக்குள்ள இருக்கிற வெண்பொருள், நரம்பு நார்கள் ஓடுற இடம், அதுக்குப் போற குழாய்கள் ஒரு மில்லிமீற்றர் அகலம் கூட இல்லை. பிரஷர் கனகாலம் கூடிக்கிடந்தால் குழாய்ச்சுவர் தடிச்சு இறுகி, அங்க இழையம் பழுதாகித் தண்ணி ஊறும். சாதாரண ஸ்கான்ல அந்தக் குழாய் தெரியாது, அது விட்டிட்டுப் போன தடம்தான் தெரியும்.

அந்தத் தடத்தை எப்பிடிப் பிடிக்கினம் எண்டதுதான் எனக்கு அலுக்காத கதை. மூளைக்கு நடுவில இருக்கிற அறைகளில இயற்கையாவே நீர் நிக்குது, பழுதும் அதுக்குப் பக்கத்திலதான் கூட வரும், ரெண்டும் வெள்ளையாத் தெரிஞ்சால் எதை எதெண்டு பிரிக்கிறது? 1992 இல லண்டனில ஒரு குழு ஃபிளேயர் எண்ட முறையை வெளியிட்டுது. தண்ணியில இருக்கிற ஐதரசன் அணுக்கருக்கள் சின்னச் சின்னக் காந்தம் மாதிரி, முதல்ல ஒரு ரேடியோ அலையை அடிச்சு அதுகளைத் தலைகீழாக் கவிட்டு விடுவினம். அதுகள் திரும்ப நிமிரும், நிமிரேக்க நடுவில பூச்சியத்தைக் கடந்துதான் வரவேணும், ஆனா ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு வேகம். அறையில சும்மா நிக்கிற நீர்தான் ஆகப் பிந்தி வரும், ரெண்டு செக்கனுக்கு மேல எடுக்கும். அது சரியாப் பூச்சியத்தில நிக்கிற அந்தக் கணத்தில படத்தை எடுத்தால் நீர் கறுப்பு! பழுதான இழையத்துக்குள்ள ஊறின தண்ணியோ புரதத்தோட ஒட்டிக்கிடக்கிறதால முன்னமே பூச்சியத்தைத் தாண்டிட்டுது, அதோட நல்ல இழையத்தின்ர சிக்னல் அடங்கினாப் பிறகும் இதின்ர சிக்னல் நிக்கும், அதால பளிச்செண்டு வெள்ளையாத் தெரியும். ஒரு செக்கன் கணக்கை வைச்சு நீரிலயிருந்து நீரைப் பிரிச்செடுத்திருக்கினம், எத்தினை தரம் யோசிச்சாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மற்றதுகளைச் சுருக்கிச் சொல்லுறன். 3 முதல் 15 மில்லிமீற்றர் வரையான சின்னக் குழிகள், பழைய கசிவில தங்கின இரும்பு காந்தப்புலத்தைக் குழப்பிறதால கறுப்பாத் தெரியிற பொட்டுகள், இதுகளையும் பார்ப்பினம். வெள்ளைக்கு 1987 இல வந்த ஃபசெக்காஸ் அளவில 0 முதல் 3 வரை புள்ளி போடுவினம், கூடக் கூட மோசம், அக்காவின்ர அம்மாவுக்கு 2.

இப்பிடித் தடுமாறுறதைச் செய்வினை எண்டு நினைச்சு நூல் கட்டி மாசக்கணக்கா மினக்கெட்ட வீடுகளை நான் கண்டிருக்கிறன், சரியான கவலை. எங்கட சனத்தின்ர மூளைப் படங்களை வருசக்கணக்காத் தொடர்ந்து எடுத்து ஆராயக் காசு ஒதுக்கவேணும் எண்டும் நினைக்கிறன்.

வந்த வெள்ளை பெரும்பாலும் அழியாது, ஆனா வளர்ச்சியைக் குறைக்கலாம். அமெரிக்காவில ஸ்பிரின்ற் ஆய்வில ஏறத்தாழ 4 வருசத்தில, மேல் பிரஷரை 140 க்குக் கீழ வைச்ச ஆக்களுக்கு வெள்ளை 1.45 கனசென்ரிமீற்றர் கூடினது, 120 க்குக் கீழ வைச்சவைக்கு 0.92 தான், 2019 இல வெளிவந்த முடிவு. இதைச் சொல்லேக்க அக்கா பேசாமல் இருந்தா. பிறகுதான் சொன்னா, அம்மா தைப்பொங்கலோட பிரஷர் குளுசையை விட்டிட்டாவாம்.