ரீத்: வாசலில் தொங்கும்போது அதற்கு என்ன பெயர்?

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவில் முதன்முதலாக ஒரு ரீத் மாட்டிய அன்று, மீன்கூடையோடு வந்த ஆயா படியேறாமல் கீழேயே நின்றுவிட்டார். "இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?" சிவப்பும் பச்சையுமாகத் துணியில் கட்டிய வளையம்தான் அது. ஆனால் கீழேயிருந்து பார்த்தவருக்கு அது சாவு வீட்டு மலர்வளையமாகத் தெரிந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு என்று சொன்ன பிறகுதான் கூடையை இறக்கினார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அகராதியைப் புரட்டினாலும் ரீத் என்பதற்கு மலர்வளையம் என்றுதான் இருக்கும். 'மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்தினார்' என்று செய்தித்தாளில் படித்துப் படித்து, அந்தச் சொல்லுக்கே ஊதுவத்தி வாசனை ஏறிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரே சொல் கல்லறைக்கும் போகும், கிறிஸ்துமஸ் கதவுக்கும் வரும். தமிழில் போன மலர்வளையம் கல்லறையிலேயே தங்கிவிட்டது.

இத்தனைக்கும் மூலச் சொல்லில் பூவே கிடையாது. பழைய ஆங்கிலத்தில் முறுக்குவது, திருகுவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது ரீத். வலியில் உடம்பு முறுக்கி நெளிவதைச் சொல்லும் 'ரைத்' அதன் நெருங்கிய சொந்தம். முறுக்கி வட்டமாக்கிய எதுவும் ரீத்தான். அது இலையா, வைக்கோலா, துணியா என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

நம்மிடமும் இப்படிப் பிறந்த சொல் இருக்கிறது. பானை உருளாமலிருக்க அடியில் வைக்கும் வைக்கோல் வளையத்தைப் புரிமணை என்பார்கள், பேச்சில் பிரிமணை. புரி என்றால் முறுக்கு. முப்புரி நூலில் வருகிற அதே புரி. அதையே நிமிர்த்திக் கதவில் தொங்கவிட்டால் பாதி ரீத் தயார்.

பழைய பூச்சொற்கள் உதவுமா என்றும் பார்த்தேன். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்து, தலையில் சூடும் கொன்றையைக் கண்ணி என்றும் மார்பில் அணிவதைத் தார் என்றும் பிரித்துச் சொல்கிறது. அழகுதான். ஆனால் இன்று கண்ணி என்றால் கண்ணிவெடி, தார் என்றால் ரோடு போடுகிற தார், இல்லாவிட்டால் வாழைத்தார். தேவாரத்தில் வரும் இண்டை வடிவத்தால் ரொம்பவே நெருக்கம், வட்டமாகக் கட்டிய பூ. இருந்தாலும் வண்ணாரப்பேட்டைக் கடையில் போய் 'இண்டைக்குத் துணி வேண்டும்' என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. மாலையும் ஆகாது: மாலை தளர்ந்து தொங்கும், ரீத் தன் வட்டத்தைத் தானே தாங்கி நிற்கும்.

கிறிஸ்தவக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் வளையம் வேறு கதை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிக் விச்சர்ன், தான் நடத்திய சிறுவர் இல்லத்தில் 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்துக் கிறிஸ்துமஸ் வரை நாளெண்ண வழி செய்தார். அதைத் திருவருகைக் கால வளையம் எனலாம். அங்கேயும் மலர் தேவைப்படவில்லை, பாருங்கள்.

ஆகவே என் கட்சி, கதவில் மாட்டுவது வாசல் வளையம். துணியில் செய்தால் துணி வளையம். ராயப்பருக்குக் கோயில் கட்டிய ஊர் இது, அவர் பெயரால்தான் ராயபுரம் வந்தது என்பார்கள். பீட்டரை ராயப்பர் ஆக்கிய ஊருக்கு ரீத்தை வளையம் ஆக்குவது பெரிய வேலையா?

செய்வதும் கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். பன்னிரண்டு அங்குல விட்டத்தில் கம்பி வளையம். டெய்லர் கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியை ஓர் அங்குல அகலம், ஆறு அங்குல நீளத்துக்கு நறுக்கி, ஒவ்வொன்றையும் கம்பியில் ஒற்றை முடிச்சாகப் போட்டு, முன்னதோடு ஒட்டி நெருக்கித் தள்ள வேண்டும். சுற்றளவே முப்பத்தேழு அங்குலத்துக்கு மேல் வரும், அதனால் கைநிறையத் துணி போதாது, பைநிறைய வேண்டும். முடிச்சு இளகினால் அந்த இடம் சொட்டை விழுந்த தலை மாதிரி இருக்கும். பருத்தி நன்றாகப் பிடிக்கும், சாட்டின் வழுக்கும். ஓரம் பிரியாமலிருக்கப் பல்லு பல்லாக வெட்டுகிற கத்தரி இருந்தால் நல்லது. எனக்கு நூல் பிரிந்து தொங்குவதுதான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் கடல்காற்று. முதல் வருஷம் வெறும் இரும்புக் கம்பியில் கட்டினேன். புத்தாண்டுக்குள் வெள்ளைத் துணியில் துருக்கறை. இப்போதெல்லாம் பழைய புடவைக் கிழிசலைக் கம்பியில் இறுக்கிச் சுற்றிய பிறகுதான் முதல் முடிச்சே.

அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் மறுபடி ஆயா வந்தார். கூடையை இறக்கினார். தலையில் புடவைத் துணியை முறுக்கி வட்டமாக்கிய சும்மாடு அப்படியே இருந்தது. என் மடியில் கிடந்ததையும் பார்த்தார், தன் தலையையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அய்ய, இது சும்மாடு. இதுக்கா பேரு தேடிக்கினு கீற?"