புஷ் அப்பில் முழங்கையைக் கவனியுங்கள்

புஷ் அப் எடுக்கும்போது நம் எடையில் எவ்வளவு கைகளுக்குப் போகிறது தெரியுமா? கை நீட்டி மேலே இருக்கும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, நெஞ்சு தரையை நெருங்கும்போது முக்கால் பங்கு. 60 கிலோ உள்ளவருக்கு 40 முதல் 45 கிலோ! இத்தனை பாரத்தையும் தோள்மூட்டு எந்தக் கோணத்தில் வாங்குகிறது என்பதுதான் முக்கியம், எண்ணிக்கையெல்லாம் அப்புறம்.

நெஞ்சின் பெரிய தசை காறை எலும்பிலும் நடு மார்பெலும்பிலும் தொடங்கி விசிறி போலக் குவிந்து வந்து மேற்கை எலும்பில் ஒட்டுகிறது. அது சுருங்கினால் மேற்கை உடலின் நடுப்பக்கம் இழுபடும். உள்ளங்கை தரையில் ஊன்றி நிற்பதால் கை நகர முடியாது, அதனால் உடம்பு எழும்புகிறது. முழங்கையை நீட்டுவது மேற்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸின் வேலை, தோளின் முன்தசையும் கை கொடுக்கிறது.

பலரும் முழங்கைகளைத் தோளுக்கு நேராகப் பக்கவாட்டில் விரித்துவிடுகிறார்கள். தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் நடுவே ஒரு சின்ன இடுக்கு இருக்கிறது, அதன் வழியாகத் தசைநாண் ஓடுகிறது, கையை அப்படி விரித்து பாரத்தோடு இறங்கும்போது அந்த இடுக்கு இன்னும் நெருங்கி தசைநாண் உரசலாம், தோள் வலி பல பேருக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது. உள்ளங்கைகளைத் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் தள்ளி ஊன்றி, முழங்கை உடம்போடு சுமார் 45 டிகிரியில் பின்பக்கம் சாய்வது போல இறங்குங்கள். நெஞ்சுக்கும் வேலை கிடைக்கும், தோளும் பிழைக்கும்.

பெஞ்சில் படுத்து எடை தூக்கும்போது தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கும் பெஞ்சுக்கும் நடுவே மாட்டிக்கொள்கின்றன. புஷ் அப்பில் அவை தாராளமாக நகரும், இந்தப் பயிற்சியை நான் விரும்புவதற்குப் பெரிய காரணமே அதுதான். இறங்கும்போது அவை ஒன்றையொன்று நெருங்கட்டும், மேலே வந்ததும் தரையை இன்னும் ஒரு அங்குலம் தள்ளுங்கள். விலாவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் செரேட்டஸ் தசை அப்போதுதான் நன்றாக வேலை செய்யும், தோள்பட்டை எலும்பு முதுகில் துருத்திக்கொண்டு நிற்காமல் பிடித்துவைப்பது அதுதான்.

இடுப்பு தொங்கக் கூடாது. பிட்டத் தசையையும் வயிற்றையும் இறுக்கினால் தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடாக நிற்கும். பார்வை தரையில், கைகளுக்குச் சற்று முன்னால். இறங்குவதற்கு 2, 3 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். மணிக்கட்டு வலித்தால் முஷ்டியை ஊன்றிச் செய்யலாம்.

ஒன்றுகூட முழுதாக வரவில்லையா? சரி, பாரத்தைக் குறைப்போம். முழங்காலை ஊன்றினால் கைகளுக்கு வருவது எடையில் ஏறக்குறைய பாதி. 60 செ.மீ. உயரமான உறுதியான மேடையில் கைகளை வைத்தால் 40 சதவீதம் அளவுக்குத்தான் வரும். என்னைக் கேட்டால் இரண்டாவது வழிதான் நல்லது, ஏனென்றால் பாரம் குறைந்தாலும் உடம்பு முழுவதையும் நேராகப் பிடிக்கும் வேலை அப்படியே இருக்கிறது. அந்த உயரத்தில் 10, 12 சுத்தமாக வரத் தொடங்கியதும் மேடையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், இப்படியே தரைக்கு இறங்கிவிடலாம்.