நட்சத்திரத்தோட சூட்ட ஃபில்டர் வெச்சு எப்படி அளக்குறாங்க?

நட்சத்திரத்த சும்மா ஒரு போட்டோ எடுத்தா அது எவ்ளோ பிரகாசம்னு மட்டும்தான் தெரியும், அதே நட்சத்திரத்த ஒருவாட்டி நீல ஃபில்டர் போட்டும் இன்னொருவாட்டி பச்சை-மஞ்சள் ஃபில்டர் போட்டும் எடுத்தாதான் விஷயமே ஆரம்பிக்குது. 1953ல வானியலாளர்கள் ஜான்சனும் மார்கனும் இதுக்குன்னே யூ, பி, வின்னு மூணு ஃபில்டர வெச்சு ஒரு முறைய கொண்டுவந்தாங்க: யூ புற ஊதா பக்கம் (அலைநீளம் சுமார் 365 நானோமீட்டர்), பி நீலம் (445), வி பச்சை-மஞ்சள் (551).

பிரகாசத்தோட அளவு மேக்னிட்யூட்ங்கற அலகுல வரும். அதுல நம்பர் குறைஞ்சா பிரகாசம் ஜாஸ்தி (தலைகீழான வழக்கம்தான், பழகிக்கணும்), 5 மேக்னிட்யூட் வித்தியாசம்னா 100 மடங்கு. இப்ப பி ஃபில்டர்ல வந்த நம்பர்ல இருந்து வி ஃபில்டர்ல வந்த நம்பர கழிங்க. வேகாங்கற நட்சத்திரத்துக்கு கிட்டத்தட்ட 0, சூரியனுக்கு சுமார் 0.65, செக்கச்செவேல்னு இருக்குற திருவாதிரைக்கு 1.8க்கு மேல. சூடு கூடக்கூட நீல வெளிச்சம் ஏறும், அதனால இந்த நம்பர் இறங்கும். இதுல அழகு என்னன்னா, தூரம் ரெண்டு ஃபில்டர்லயும் வெளிச்சத்த ஒரே அளவுதான் மங்கலாக்கும், கழிச்சதும் அது அடிபட்டுப் போயிடுது.

ஆனா நடுவுல தூசி இருக்கே! விண்வெளித் தூசி சிவப்பவிட நீலத்தத்தான் அதிகமா தடுக்கும், அதனால பயங்கர சூடான நட்சத்திரம் கூட தூசிக்குப் பின்னாடி இருந்தா ஆறிப்போன சிவப்பு நட்சத்திரம் மாதிரி ஏமாத்தும், ரெண்டு ஃபில்டர மட்டும் வெச்சு இத கண்டுபிடிக்கவே முடியாது. அங்கதான் யூ கைகொடுக்குது. 364.6 நானோமீட்டருக்குக் கீழ இருக்குற வெளிச்சத்த நட்சத்திரத்தோட ஹைட்ரஜன் நல்லா விழுங்கும், எவ்ளோ விழுங்கும்ங்கறது சூட்டப் பொறுத்தது, அதனால யூ மைனஸ் பி ஒரு பக்கம், பி மைனஸ் வி ஒரு பக்கம்னு கிராஃப் போட்டா சூடு மாறுறப்ப புள்ளி ஒரு வளைவுல போகும், தூசி அதே புள்ளிய வேற திசையில இழுத்துட்டுப் போகும். பல சூடான நட்சத்திரங்களுக்கு, வளைவ விட்டு எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு பாத்தே தூசியோட அளவச் சொல்லிடலாம், தூசியால பி மைனஸ் வி எவ்ளோ ஏறியிருக்கோ அந்த சிவப்பாதல் அளவ சுமார் 3.1ஆல பெருக்குனா வி ஃபில்டர்ல எத்தன மேக்னிட்யூட் மங்கியிருக்குன்னும் வந்துடும்.

இரும்பு மாதிரி உலோகங்களும் நீலம், புற ஊதா பக்கம்தான் வெளிச்சத்த அதிகம் உறிஞ்சும், அதனால சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் யூல எதிர்பாத்ததவிட பளிச்னு தெரிஞ்சா அதுல உலோகம் கம்மி, பெரும்பாலும் ரொம்ப பழைய நட்சத்திரம். ஸ்பெக்ட்ரம் எடுத்தா இதெல்லாம் இன்னும் துல்லியமா வரும்தான், ஆனா அதுக்கு வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சுப் பரப்பணும்ங்கறதால மங்கலான நட்சத்திரத்துக்கு ரொம்ப நேரம் பிடிக்கும், ஃபில்டர்ல ஒரே போட்டோவுல ஆயிரக்கணக்குல அளந்துடலாம்.