லிக்னின்: நெய்வேலிக்குச் சொந்தக்காரச் சொல்

கடலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லில் பாதி ஏற்கெனவே பழக்கம். நெய்வேலியில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிக்கு லிக்னைட் என்று பெயர். லத்தீனில் மரக்கட்டையைக் குறிக்கும் 'லிக்னம்' தான் அதற்கு வேர். மரத்தைக் கெட்டியாக்கும் பொருளான லிக்னினுக்கும் அதே வேர்தான். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் டி கண்டோல் 1813இல் வைத்த பெயர் இது. உறவு பெயரோடு நிற்கவில்லை. பழைய மரங்கள் மண்ணுக்கடியில் மக்கும்போது, மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸ் முதலில் அழிந்துபோகும். நிலக்கரியாக எஞ்சுவதில் பெரும்பங்கு லிக்னின் வழி வந்ததே.

கட்டையின் எடையில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு லிக்னின். செல்லுலோஸ் இழைகளை இறுக்கிப் பிடித்து, மரத்தை விறைப்பாக நிறுத்துவது அதுதான். காகித ஆலைக்கு அது தொல்லை. கடலூர், புதுச்சேரிக் கரையோரச் சவுக்கு ஆலைக்குப் போனால் அங்கே வேண்டியது செல்லுலோஸ் மட்டும். காரத்தில் கரைந்து பிரியும் லிக்னின், கருப்புக் கழிவுநீரோடு பெரும்பாலும் கொதிகலனில் எரிந்துவிடும். அந்த நீரில் அமிலம் சேர்த்தால் பழுப்புத் தூளாக அது படியும்.

அந்தத் தூளிலிருந்துதான் மரப்பசை செய்கிறார்கள். ப்ளைவுட் பசைகளில் முக்கியமான ஒன்று ஃபீனாலும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்தது. ஃபீனால் பெட்ரோலியச் சரக்கு. லிக்னின் மூலக்கூறிலும் ஃபீனால் வகை வளையங்கள் இருப்பதால், அதற்குப் பதிலாக இதைக் கொஞ்சம் கலக்கலாம். முழுக்க மாற்றுவதுதான் கடினம். வளையத்தில் வினை நடக்க வேண்டிய இடங்கள் பல ஏற்கெனவே அடைபட்டிருக்கும். ஊசியிலை மர லிக்னினில் இந்த அடைப்பு குறைவு. சவுக்கைப் பார்த்தால் ஊசியிலை மரம் போலத்தான் இருக்கும், ஆனால் அது பூக்கும் தாவரம், அடைப்பும் அதிகம். அப்புறம், ஃபீனாலை மட்டும் மாற்றிவிட்டு 'இயற்கைப் பசை' என்று விற்பது எனக்கு ஒப்பாது. 2004இல் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தப்பட்ட ஃபார்மால்டிஹைடு உள்ளேயேதான் இருக்கிறது. அதற்கு மாற்றாகக் கிளையாக்சால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தும் பார்க்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மரப்பிசின்' பொருந்தாது. பிசின் என்பது முருங்கையிலும் வேம்பிலும் வெளியே வடிவது, லிக்னின் வடியாது. 'வைரம்' அழகான சொல், ஆனால் அது மரத்தின் நடுக்கட்டையை மட்டும் குறிக்கும். லிக்னினோ வெளிப்புற வெள்ளைக் கட்டையிலும் உண்டு. தச்சர்கள் தோலைக் காய்ச்சி எடுத்த பழைய பசைக்கு வச்சிரம் என்று பெயர். வைரமும் வச்சிரமும் ஒரே வடசொல்லின் இரண்டு வடிவங்கள்.

எனக்குப் பிடித்தது 'காழ்'. உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும், பனை போல வெளியே காழ் உள்ளதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. உள்ளோ புறமோ, கெட்டிப்பட்ட இடமெல்லாம் காழ். நடுக்கட்டை என்ற பொருளும் அதற்கு உண்டுதான், ஆனால் வைரம் அளவுக்கு அதிலேயே அது கட்டுண்டு கிடக்கவில்லை. 'காழ்மம்' என்று லிக்னினையும், 'காழ்மப் பசை' என்று அதிலிருந்து செய்யும் பசையையும் சொல்லலாம். வேதியியல் பாடத்தில் லிக்னின் என்றே எழுதினாலும் தவறில்லை.