ஆயுள் தண்டனைக்குப் பகல் இரவுக் கணக்கு கிடையாது

"பகல் ஒரு நாள், ராத்திரி ஒரு நாள்னு எண்ணுவாங்களாமே சார், அப்போ 14 வருஷம் ஏழு வருஷத்துல முடிஞ்சிருமா?" போன வாரம் ஓர் அம்மா கேட்டார். மகனுக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்து ஐந்து மாதமாகியும் மேல்முறையீடு செய்யவில்லை. ஏழு வருஷம்தானே, எதற்குக் காசைக் கொட்டுவது என்று இருந்துவிட்டார்களாம். குற்றவியல் வழக்கறிஞனாக இந்தக் கணக்கை எத்தனை குடும்பங்களிடம் கேட்பது? ஆற்றாமையில்தான் எழுதுகிறேன்.

பகல் இரவுக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. சிறையிலும் ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான்.

14 ஆண்டு கதைக்கு வருவோம். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, ஆயுள் தண்டனை என்றால் 20 ஆண்டுதான், ரிமிஷனையும் (நன்னடத்தை, வேலைக்காகச் சிறையில் கழித்துத் தரும் நாட்கள்) சேர்த்தால் அது முடிந்துவிட்டது, விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1961-ல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆயுள் தண்டனை என்றால் மீதி வாழ்நாள் முழுவதும்தான். அரசு குறைத்தால் தவிர வேறு வழியில்லை என்றது.

அப்புறம் 14 எங்கிருந்து வந்தது? 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். புதிய சட்டத்தில் அது 475. கொலை போல, மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே கழிக்காமல் விடுவிக்கக் கூடாது என்று அரசுக்குப் போட்ட தடை அது. ரிமிஷன் நாட்கள் இந்த 14-ல் சேராது. 14 முடிந்த மறுநாள் விட்டே ஆக வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அதன் பிறகு அரசு பரிசீலிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். பேரறிவாளன் வெளியே வர 31 ஆண்டு ஆனதை நாம் எல்லோரும் பார்த்தோமே!

ஏழு ஆண்டு நம்பிக்கைக்கும் ஒரு காரணம் உண்டு. 2008-ல் அண்ணா நூற்றாண்டையொட்டி, ஏழு ஆண்டு முடித்த ஆயுள் கைதிகள் பலரைத் தமிழக அரசு விடுவித்தது. அது அரசியலமைப்பின் 161-வது பிரிவில் ஆளுநர் பெயரால் கொடுத்த சலுகை. அடுத்தவர் அதை உரிமையாகக் கேட்க முடியாது. போதாததற்கு, ரிமிஷனே இல்லாமல் 25, 30 ஆண்டு என்று விதிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 2015-ல் தீர்ப்பே வந்துவிட்டது.

இந்தத் தப்புக் கணக்கில் பறிபோவது மேல்முறையீடு. செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள்தான் அவகாசம். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு போட வேண்டும். காரணமும் சொல்ல வேண்டும். "ஏழு வருஷம்னு சொன்னாங்க" என்பதை எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது? மேல்முறையீடு இல்லையென்றால், தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கவும் வழியில்லை.

தீர்ப்பு நகல் தண்டனை பெற்றவருக்கு இலவசம். அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? சிறைக் கண்காணிப்பாளரிடம் மேல்முறையீட்டு மனு கொடுத்தாலே அவர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள். பரோலில் வந்தால் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். நன்னடத்தைப் பதிவில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தால் பிற்பாடு விடுதலையைப் பரிசீலிக்கும்போது அதையும் பார்ப்பார்கள். தயவுசெய்து, "அண்ணா பிறந்த நாள் லிஸ்ட்டில் பெயர் சேர்த்துத் தருகிறேன்" என்று வரும் புரோக்கரிடம் தாலியை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலுக்கு அவன் கை எட்டாது.