வயலுக்கு வந்த காய்ச்சல்

“சிங்கப்பூரில் நெல் வயலே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு விவசாயத்துக்குத் தொண்டூழியம் என்கிறீர்களே, அங்கே அப்படி என்னதான் செய்கிறீர்கள்?” என்று ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் மனைவியும் இதையே கேட்பதுண்டு, இன்னும் கொஞ்சம் சூடாக.

நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வேலை எளிமையானது. மாறும் பருவநிலைக்கு ஏற்ப விவசாயத்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று பல நாடுகளில், பல மொழிகளில் கையேடுகளும் துண்டறிக்கைகளும் வயல் குறிப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைப் படித்து, இது எதைப் பற்றியது என்று குறிச்சொல் போட்டு, தேடுகிறவர் கைக்குக் கிடைக்கும்படி அடுக்கி வைப்போம். முதல் சல்லடை கணினி. இரண்டாவது சல்லடை எங்களைப் போன்ற தொண்டூழியர்கள்.

காவிரி டெல்டாவிலிருந்து ஒரு பக்கத் தமிழ்த் துண்டறிக்கை ஒன்று வந்தது. தலைப்பு: ‘நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்’. கணினி ‘காய்ச்சல்’ என்பதைச் சுரம் என்று புரிந்துகொண்டு, கால்நடை நோய்கள் அடுக்கில் போட்டுவிட்டது. சரிபார்க்க வேண்டியவன் நான். டெங்கி எச்சரிக்கைப் பதாகை எங்கள் புளோக் அடியிலேயே தொங்கிக்கொண்டிருந்த நேரம். காய்ச்சல் என்றதும் மறுபேச்சில்லாமல் ‘சரி’ என்று தட்டிவிட்டேன். மூன்று மாதம் அது மாடுகளோடு கிடந்தது.

கண்டுபிடித்தவர் திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். இங்கே கட்டுமான வேலை, விடுப்புக் கிடைத்த ஞாயிறுகளில் எங்களோடு வந்து உட்காருவார். திரையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: “அண்ணே, இது சுரம் இல்லண்ணே. வயலக் காயப்போட்டு, அப்புறம் தண்ணி பாய்ச்சுறது. எங்கப்பா கேட்டா உங்கள அடிக்க வருவாரு.”

இரண்டு காய்ச்சலுக்கும் வேர் ஒன்றுதான். வெயிலில் காய்வது வயல், சுரத்தில் காய்வது உடம்பு. கணினியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

சரி, வயலை ஏன் காயப்போட வேண்டும்? நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நினைக்கிறோம். நெல் நீரில் நிற்பதைத் தாங்கும், களை தாங்காது. நீர் கட்டுவதில் பாதி வேலை களையை அடக்குவதுதான். பயிர் வேர்பிடித்த பிறகு நீரை வற்றவிட்டு, மறுபடி பாய்ச்சினாலும் விளைச்சல் குறையாது; பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸில் லாஸ் பான்யோஸ் ஊரில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு கருவியைப் பரப்பியது. கருவி என்றால் 30 சென்டிமீட்டர் நீளக் குழாய்த்துண்டு, அவ்வளவுதான். கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். மண்ணுக்கடியில் நீர் எங்கே நிற்கிறது என்று குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். வங்காளதேசத்தில் இதற்குப் பெயர் ‘பானி பைப்’. பாசன நீரில் 30 விழுக்காடு வரைகூட மிச்சமாகும்.

நீர் மிச்சமாவது யாருக்கும் புரியும். எனக்கு ஆசை அதற்குக் கீழே, சேற்றுக்குள் நடப்பதில்தான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வைக்கோல், வேர்த்துணுக்கு என்று உணவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். நமக்கு அந்த வேலையைச் செய்வது ஆக்சிஜன். வயலில் நீர் கட்டியதும் காற்று வரும் வழி அடைபடுகிறது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மண்ணில் இருந்த ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும். முதல் பந்தி முடிந்தது. அடுத்த பந்தியில் உட்காரும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மாங்கனீசு. பிறகு இரும்பு. பிறகு சல்பேட், சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் வருவது இந்தப் பந்தியில்தான். பந்திக்குப் பந்தி கிடைக்கும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும். எல்லாரும் எழுந்துபோன பிறகு, காலிப் பாத்திரத்தோடு மிஞ்சியிருப்பதில் பிழைக்கிற கடைசிக் கூட்டம் ஒன்று உண்டு: ஆர்க்கியா என்னும் பழைமையான உயிர்க்குடும்பத்தைச் சேர்ந்த மீத்தேன் ஆக்கிகள். ஆக்சிஜன் அவற்றுக்கு நஞ்சு. இவை விடும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும்.

இந்த வரிசையில் நான் மயங்குவது இரும்பிடம். வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும்: சேற்றின் மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்குப் பழுப்புத் தோல், காலை வைத்தால் அடியில் கருநீலச் சாம்பல் நிறச் சேறு. மேலே இருப்பது துருப்பிடித்த இரும்பு, அதாவது எலக்ட்ரானை வாங்கக் கை நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு. அடியில் இருப்பது வாங்கி முடித்துக் கை நிறைந்துபோன இரும்பு. நாற்று ஒன்றைப் பிடுங்கி அலசிப் பாருங்கள், வேரின் மேல் ஆரஞ்சு நிறப் பூச்சு இருக்கும். நெல் தன் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாக வேருக்கு ஆக்சிஜன் அனுப்புகிறது. அதில் கசிந்தது வேரைச் சுற்றிய இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கீழே உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி மேலே வருவதும் இதே குழல்கள் வழியாகத்தான். ஆக்சிஜன் இறங்கும் படியில் மீத்தேன் ஏறுகிறது.

இப்போது வயலைக் காயப்போடுங்கள். காற்று புகுகிறது. மீத்தேன் ஆக்கிகள் ஒடுங்குகின்றன. அதோடு முடியவில்லை. சாம்பல் நிற இரும்பு மறுபடி துருவாகிறது, தீர்ந்த பேட்டரிக்கு மின்னேற்றியதுபோல. அதனால் மறுபடி நீர் கட்டிய மறுநாளே மீத்தேன் கிளம்பாது. இந்தத் துரு முழுவதும் தீரும்வரை கடைசிக் கூட்டம் காத்திருக்க வேண்டும். அது தீர்வதற்குள் அடுத்த காய்ச்சலைக் கொடுத்துவிட்டால்? பந்தி கடைசிவரை போகவே போகாது. சில நாள் வெயில், மண்ணிலேயே கிடந்த இரும்பு. வேறு செலவில்லை.

பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2019 கணக்கு முறையில், எப்போதும் நீர் நிற்கும் வயலின் மீத்தேனை 1 என்று வைத்தால், பருவத்தில் ஒரு முறை வடிய விட்ட வயலுக்கு 0.71, பல முறை என்றால் 0.55. காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூடும்; அதுவும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுதான். கூட்டிக் கழித்தால் பெரும்பாலும் லாபம்தான்.

இதை எழுதும்போதே கைப்பேசிக்கு வரப்போகும் செய்தி எனக்குத் தெரியும்: ‘மீத்தேனை அன்றே அறிந்த தமிழன்’. அய்யா, வேண்டாம். நம் முன்னோர் நீரின் அருமை அறிந்தவர்கள், மண்ணின் நாடி பார்த்தவர்கள். மீத்தேன் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தபடி பதிவுசெய்வதுதான் அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

அந்தப் பதிவில்தான் வம்பு. ஆங்கில ஆய்வேடுகளில் இந்த முறையின் பெயர் ஏடபிள்யூடி, அதாவது ‘மாறி மாறி நனைத்தலும் காயவிடுதலும்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். தமிழில் ஒரு கையேட்டில் காய்ச்சலும் பாய்ச்சலும், இன்னொன்றில் ‘நீர் மறைய நீர் கட்டுதல்’. இளநாற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நடும் செம்மை நெல் சாகுபடியில் இது ஓர் அங்கம். தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டு கண்ட சமயத்தில் அந்தச் சாகுபடிக்கு ‘ராஜராஜன் 1000’ என்றும் பெயர் சூட்டினார்கள். கணினி அதை எந்த அடுக்கில் போடும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் ‘ஒன்று கட்டாயம், ஐந்து குறைப்பு’ என்ற முழக்கத்துக்குள் நீர்க் குறைப்பாக இது ஒளிந்திருக்கிறது. ஒரு பெயரைத் தேடினால் மற்றவை வராது.

இதற்கு மருந்து, சொல்லை விட்டுவிட்டுப் பொருளுக்கு எண் கொடுப்பது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1980களிலிருந்து வளர்த்துவரும் ‘அக்ரோவாக்’ சொற்களஞ்சியம் அப்படித்தான் இயங்குகிறது. 40,000க்கும் மேற்பட்ட கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறி, அதில் பல மொழிப் பெயர்கள் தொங்கும். அதில் உள்ள எந்த மொழிப் பெயரில் தேடினாலும் போய்ச் சேருமிடம் ஒன்று. கருத்துகளுக்குள் உறவுமுறையும் உண்டு: இது அதன் தாய், இது பிள்ளை, இது பங்காளி. ஜப்பானியரின் ‘நாகாபோஷி’யும் வயலைக் காயவிடுவதுதான், ஆனால் பருவத்தின் நடுவில் ஒரு முறை. அதைக் காய்ச்சலும் பாய்ச்சலுக்கும் மறுபெயராகப் போட்டுவிட்டால் 0.71உம் 0.55உம் குழம்பிப்போகும். பங்காளி என்று போட வேண்டும். இந்த ஒரு முடிவுக்கு எங்களுக்கு ஒரு முழு மதியமும் இரண்டு சுற்று தே ஓவும் (பால் விடாத தேநீர்) ஆயின.

பெயர் சரியானால் மட்டும் போதாது. திருவாரூர்த் தம்பி தன் அப்பாவிடம் வீடியோ அழைப்பில் பேசவைத்தார். துருவைப் பற்றி நான் ஆர்வமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எல்லாம் சரிதான் தம்பி. காயப்போடறது நம்ம கையில. பாய்ச்சறது நம்ம கையிலயா? வாய்க்கால்ல முறை வெச்சுத்தான் தண்ணி. அடுத்த முறை வரலன்னா, காஞ்சது காஞ்சதுதான்.”

“பம்புசெட் இருந்தா செய்வீங்களாய்யா?”

“பம்புசெட்டுக்காரன் செய்யட்டும். நான் எதுக்குத் தடுக்கப்போறேன்?”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஏட்டுக்கும் ‘நீர் யார் கையில்?’ என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். மண் வகைக்கும் ஒரு கட்டம். வங்காளதேசத்தில் இதே கதை வேறு வேடத்தில் வருகிறது: பம்பு வைத்திருப்பவருக்குப் பருவத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுக்கும் விவசாயி, நீரை மிச்சப்படுத்தி என்ன பெறுவார்? அதையும் எழுதிவைக்காத கையேடு பாதிக் கையேடு.

இதற்கெல்லாம் பணம் யார் தருகிறார்கள் என்றால், பெரும்பாலும் யாரும் இல்லை. வயல் சோதனைக்கு நிதி உண்டு, கருத்தரங்குக்கு உண்டு, பளபளப்பான அறிக்கைக்கும் உண்டு. திட்டம் முடிந்து மூன்றாம் ஆண்டு இணையதளம் அணைந்துபோனால் அந்த அறிக்கைகளைத் தூக்கிவைக்க ஆளில்லை. நீர்ப் பற்றாக்குறைக்காகப் பிறந்த இந்த முறையைத் ‘தகவமைப்பு’ என்று குறிப்பதா, ‘உமிழ்வுத் தணிப்பு’ என்று குறிப்பதா என்பதில் மட்டும் எல்லாருக்கும் அக்கறை உண்டு. நிதி எந்தப் பெட்டியிலிருந்து வரும் என்பதை அந்தச் சொல்தான் முடிவுசெய்கிறது. நாங்கள் இரண்டையும் போட்டுவிடுகிறோம்.

இதில் சிங்கப்பூருக்கு என்ன என்றால், நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, ஆகஸ்டு இறுதியில் நமக்கென்று 50,000 டன் தனியாக அனுமதிக்கும்வரை, தேக்காவில் அரிசி மூட்டை விலையை விசாரிக்காதவர் யார்? நம் சோற்றுக்கான வயல் எங்கோ ஒரு வாய்க்கால் முறைக்குக் காத்துக்கிடக்கிறது.

ஈசூன் வாசகரே, வேலை அநேகமாக இவ்வளவுதான். காய்ச்சலைத் திருத்தி, பாசனத்துக்கும் அந்தப் பெயரைக் கணினியிடம் பதிந்துவிட்டோம். போன வாரம் பாசன அடுக்கைத் திறந்தேன். மேலேயே ஒரு புதுத் துண்டறிக்கை: ‘மூன்று நாள் காய்ச்சல்’. மூன்று நாள் காயவிட்டு நீர் பாய்ச்சும் முறை என்று கணினி குறிச்சொல்லும் போட்டிருந்தது. உள்ளே படத்தில் ஒரு பசுமாடு சுரத்தில் படுத்திருந்தது.